காணாமற்போன கம்பி மெழுகு

திங்கட்கிழமை, காலை எட்டே கால்.

டொறத்தி அலுமாரியைத் திறந்து அட்டைப்பெட்டியைத் தூக்கினாள். தூக்கியதுமே கைக்கு விஷயம் விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் உள்ளே வைத்தபோது இருந்த பாரம் இப்போது பெட்டியில் இல்லை.

மேலே ஒட்டியிருந்த நாடா அப்படியே இருந்தது. அதைக் கத்தரித்து மூடியைப் பிரித்தாள். உள்ளே கசக்கித் திணித்த பழைய பத்திரிகைத் தாள்கள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் போட்டாள். பத்திரிகையைத் தவிர வேறெதுவும் வரவில்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான், யாரோ அடிப்பக்கத்தைச் சவர பிளேட்டால் கீறிச் சாமானை எடுத்துவிட்டு மறுபடியும் நாடா ஒட்டியிருப்பது தெரிந்தது.

பல் பார்க்கும் கதிரையில் பதினான்கு வயது நிஃப்லா வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய உம்மா நஃபீஸா. இருவரும் பள்ளிவாசல்துறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

"என்ன மிஸ், சாமான் ஈக்கிதா?" என்று நஃபீஸா கேட்டாள்.

டொறத்தி வெறும் பெட்டியை மறுபடியும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

கற்பிட்டிக் கரையில் அந்தப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தைப் பல வருடமாக நடத்தி வருகிறவள் அவள். சுற்று வட்டாரத்தில் பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகள் ஐந்து பேர். ஐந்து பேரின் வாயும் அவளுக்கு மனப்பாடம். நிஃப்லா மேலுதடு பிளந்து பிறந்தவள். குழந்தையிலேயே உதட்டைத் தைத்தார்கள். பிறகு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைத்தன. கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்து, போன வருடம்தான் கம்பி கிடைத்தது. பற்கள் மெல்ல மெல்ல வரிசைக்கு வர, பேசும்போது வாயைக் கையால் மூடுகிற பழக்கமும் அவளை விட்டுப் போகத் தொடங்கியிருந்தது.

கம்பி இலவசம். அதைத் துப்பரவாக வைத்திருக்கும் சாமான் இலவசமில்லை, காசுக்கும் கிடைக்கவில்லை. டொலர் இல்லாமல் நாடு தவித்த வருடம் அது. பால்மாவுக்கும் சமையல் காஸுக்கும் சனம் வரிசையில் நின்ற காலத்தில், பல்லுக்கம்பி மெழுகைக் கப்பலில் யார் கொண்டுவருவார்? மெழுகு என்றால் விளக்கேற்றுகிற மெழுகல்ல. கடலையளவு கிள்ளி உருட்டி, கன்னத்தைக் கீறுகிற கம்பி நுனியில் ஒட்டிவிடும் மெத்தென்ற மெழுகு. அதோடு கம்பிக்கு அடியில் நுழைத்துத் துடைக்கும், தீக்குச்சி பருமன்கூட இல்லாத குட்டிப் பிரஷ். புத்தளத்திலும் சிலாபத்திலும் நஃபீஸா ஏறி இறங்காத பாமசி இல்லை. நிஃப்லா மெழுகுதிரியைச் சுரண்டி வைத்துப் பார்த்தாள். உதிர்ந்து தொண்டைக்குள் போனது. ஈர்க்கால் துப்பரவாக்கப் பார்த்தாள், பல்லைச் சுற்றியுள்ள முரசு கிழிந்தது.

போன முறை கொழும்பு டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த முறையும் முரசு வீங்கி, கம்பிக்குக் கீழே அழுக்குப் படிந்திருந்தால் கம்பியைக் கழற்றிவிட வேண்டியதுதான், இல்லாவிட்டால் பல்லே பழுதாகும் என்றார். டொக்டரில் பிழையில்லை. அந்த அடுத்த முறை, வருகிற திங்கட்கிழமை.

அந்த நிலையில்தான் அஸ்மியின் பெட்டி வந்தது. அஸ்மி டொறத்தியிடம் அழுது அழுது பல் பிடுங்கின பையன். இப்போது கட்டாரில் வேலை. யாரோ சொல்லக் கேள்விப்பட்டு, தோஹாவில் தன் கைக்காசில் மெழுகும் பிரஷும் வாங்கி, லீவில் வந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டிருந்தான். பிள்ளைகளின் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று டொறத்தி அதைப் பிரிக்காமலே பூட்டி வைத்தாள். அன்றிரவு அஸ்மியும் போன் எடுத்தான்.

"மிஸ், ஒரு வெக்கக்கேடு. கடையில விலை லேபல் ஒட்டித்தான் தந்தாங்க. உரிக்க நேரம் கிடைக்கல்ல. ஹதியாவா, அன்பளிப்பாக் குடுக்கிற சாமான விலையோட குடுக்கிறதா? குறை நினைக்காதீங்க."

டொறத்தி சிரித்து, "நீ நல்லா இரு மகன்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அந்தப் பெட்டிக்குள் பழைய பத்திரிகை.

"யாரோ எடுத்துட்டாங்க" என்றாள் நஃபீஸாவிடம்.

"புள்ளையள்ட பல்லுச் சாமானயா?" நஃபீஸாவுக்கு நம்ப முடியவில்லை. "அதயும் களவெடுப்பாங்களா மிஸ்?"

கதிரையில் இருந்த நிஃப்லா வாயை மூடிக்கொண்டாள். பிறகு கையைத் தூக்கி உதட்டின்மேல் வைத்தாள். விட்டுப் போயிருந்த பழக்கம் திரும்பி வருவதை டொறத்தி பார்த்தாள். அதுவரை அவளுக்கு இருந்தது கவலை. அந்தக் கையைப் பார்த்த பிறகு வந்தது கோபம். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்; கோபம் இறங்கவில்லை. இறங்க வேண்டியதில்லை என்றும் அவளுக்குப் பட்டது.

அலுமாரியை உற்றுப் பார்த்தாள். பூட்டில் ஒரு கீறல் இல்லை. பூட்டைத் திறக்கும் திறப்பு ஒன்றுதான், அது அவளுடைய செபமாலையோடு சேர்த்துக் கைப்பையில் இருக்கும். இரும்புக் கதவில், பிள்ளைகளுக்குப் பல் துலக்கிக் காட்டும் படத்தைவிடப் பெரிய சிவப்பு எழுத்தில், 'அன்பளிப்பு: உசனார் மருந்தகம்' என்று எழுதியிருந்தது.

"லோறன்ஸ், சனிக்கிழமை துப்பரவு செஞ்ச சிரமதானத்துக்கு இங்க ஆர் ஆர் வந்தது?"

நிலையத்தின் உதவியாளர் லோறன்ஸ் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "பெயின்ற் அடிச்சது நான். றஜனி ரீச்சர் படம் ஒட்ட வந்தா. உசனார் ஹாஜியார் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வந்தார். வேற, ஒரு கழுதை எட்டிப் பாத்திச்சு."

"நீங்க வெளிய போகல்லையா?"

"பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனன். வரிசை. ஒரு அரை மணித்தியாலம் போயிருக்கும்."

"பூட்டிட்டா போனீங்க?"

லோறன்ஸ் தலையைக் குனிந்தார். "பெயின்ற் மணம் போகட்டும் எண்டு திறந்து விட்டுட்டுப் போனன் மிஸ்."

பெட்டி வந்த சங்கதி எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமையே சந்தோஷம் தாங்காமல் டொறத்திதான் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

பத்து மணிக்குப் பாடசாலை அதிபரின் அறை. உசனாரும் அங்கே இருந்தார். பட்டினத்தில் பாமசி வைத்திருப்பவர்; பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர். அலுமாரி, தண்ணீர்த் தாங்கி, மைதானத்தில் உட்காரும் வாங்கு எல்லாவற்றிலும் அவர் பெயர்.

"எவ்வளவு கேவலம்" என்றார் உசனார். "மிஸ், நான் ஒருத்தரயும் சொல்லல்ல. ஆனா பூட்டு உடையல்ல. வெளிக் கள்ளனுக்குப் பல்லுப் பிரஷ் எதுக்கு? லோறன்ஸ் நல்ல மனிசன்தான். கஷ்டம் வந்தா நல்ல மனிசனும் மாறுவான்."

"லோறன்ஸிட்ட திறப்பு இல்ல" என்றாள் டொறத்தி.

"உங்கட பையில இருந்து எடுக்க எவ்வளவு நேரம்?"

அதிபர் நெற்றியைத் தேய்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி வராவிட்டால் பொலிஸில் முறைப்பாடு, அதுவரை லோறன்ஸ் வேலைக்கு வரத் தேவையில்லை என்று முடிவு செய்தார். லோறன்ஸ் வாசலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பெயின்ற் கறை போகாத கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் உசனார் மேடையேறினார். தன் கடையில் கடைசியாக மிஞ்சிய ஒரு பெட்டி மெழுகை, விற்க மனம் வராமல் நிஃப்லாவுக்கு வைத்திருந்ததாகச் சொன்னார். பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டார். போட்டோ எடுத்தார்கள். "சிரி மகள்" என்றார் போட்டோ எடுத்தவர். நிஃப்லா உதட்டை மூடியபடி நின்றாள்.

டொறத்தி மனம் நெகிழ்ந்து போனாள். மேடைக்குக் கீழே நின்று, "கடவுள் உங்கள ஆசீர்வதிப்பார் ஹாஜியார்" என்று சொன்னாள். மத்தியானத்துக்குள் அந்தப் போட்டோ ஊரில் எல்லோருடைய போனிலும் இருந்தது.

கூட்டம் முடிய நிஃப்லா நிலையத்துக்கு வந்தாள். தீப்பெட்டி அளவிலான வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஐந்து வெள்ளை மெழுகுக் குச்சிகள். டொறத்தி ஒன்றைக் கிள்ளி உருட்டிக் கம்பி நுனியில் வைத்துவிட்டாள். பிள்ளையின் தோள் இறங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு கன்னம் கீறுப்படவில்லை.

"டப்பா கையில ஒட்டுது மிஸ்" என்றாள் நிஃப்லா.

அதன் முதுகில் நீள்சதுரமாக ஒரு பிசுபிசுப்பு. மைதானத்து மணல் அதில் பிடித்திருந்தது. டொறத்தி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கொடுத்தாள். வேறொன்றும் நினைக்கவில்லை. மெழுகு கிடைத்தது, பிரஷ் இல்லையே என்பதுதான் அப்போது அவளுடைய நினைப்பு. மெழுகு நோவைத் தீர்க்கும், அழுக்கைத் தீர்க்காது. திங்கட்கிழமை டொக்டர் பார்க்கப்போவது அழுக்கை.

புதன்கிழமை இடைவேளை. றஜனி ரீச்சரின் மகன் கீதனும் கம்பி போட்ட பிள்ளை. அவனுடைய சட்டைப் பையில் நீலப் பிடி போட்ட குட்டிப் பிரஷ் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. டொறத்தி நேரே ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"ரீச்சர், கீதன்ட பிரஷ் எங்கால கிடைச்சது?"

றஜனி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவள். கேள்வியின் உள்நோக்கம் உடனே விளங்கிவிட்டது. முகம் சிவந்தது.

"நான் களவெடுத்தனானெண்டு சொல்ல வாறியளோ மிஸ்?"

"எங்கால எண்டுதான் கேட்டன்."

"உசனார் ஹாஜியாற்ற கடையில. நேற்று வாங்கினனான். ரெண்டே ரெண்டு. அந்த விலைக்கு எங்கட வீட்டில ரெண்டு நாள் சமைக்கலாம். பிள்ளைக்கு வேணுமெண்டு கண்ணை மூடிக்கொண்டு வாங்கினனான்."

"பக்கெற்றோடயா?"

"இல்லை. கச்சான் கடலை சுத்தின மாதிரிப் பேப்பரில சுத்தித் தந்தவர். கொழும்பு ஏஜன்ட் அனுப்பினதாம். பக்கெற் இல்லாமல்தான் வந்ததாம்." றஜனி கொஞ்சம் ஆறினாள். "ஏன் மிஸ், அதில ஏதும் பிழையோ?"

"உங்களில பிழையில்ல ரீச்சர். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

நிலையத்துக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்தி அமர்ந்தாள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஜன்னலைப் பிடித்து ஆட்டியது. கொழும்பில் இல்லாத சாமானைக் கொழும்பு ஏஜன்ட் எப்படி அனுப்பினான்? வாயில் வைக்கிற பிரஷ் பக்கெற் இல்லாமல் எந்த நாட்டில் வரும்? கடைசிப் பெட்டி என்று செவ்வாய்க்கிழமை மேடையில் சொன்னவருடைய கடையில் அதே நாள் பிரஷ் எப்படி வந்தது? வந்ததென்றால், மேடையில் ஏறி நின்ற பிள்ளைக்கு ஒரு பிரஷ் கொடுக்க ஏன் மனம் வரவில்லை?

அவள் அலுமாரியைப் பார்த்தாள். சிவப்பு எழுத்து அவளைப் பார்த்தது. எழுந்து போய் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து திறப்பைப் பார்த்தாள். ஒன்று. அலுமாரி வந்த நாளிலிருந்து ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் அந்த நீள்சதுரப் பிசுபிசுப்பு ஞாபகத்துக்கு வந்தது. அவளே ஸ்பிரிட்டால் துடைத்து அழித்துவிட்ட தடயம்.

பின்னேரம் பட்டினத்துக்குப் போனாள். உசனாருடைய வேன் பெற்றோல் வரிசையில் நிற்பதை வழியிலேயே கண்டாள். பாமசியில் கமறியா மட்டும் இருந்தாள். முப்பது வயது மதிக்கலாம், கணவனை இழந்தவள், அந்தக் கடைச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள்.

"வாங்க மிஸ். பல் நோவுக்கா?"

"பல் நோவு எனக்கில்ல புள்ள. நிஃப்லாக்குக் குடுத்த மெழுகு டப்பா கையில ஒட்டுது. அதான் கேக்க வந்தன்."

"அது நாந்தான் லேபல் உரிச்சன்" என்றாள் கமறியா ஒளிவுமறைவில்லாமல். "சரியா உரிபடல்ல. நகமெல்லாம் போச்சு. ஞாயித்துக்கெழம பூரா அந்த வேலதான்."

"ஏன் உரிச்ச?"

"தேதி பிழையா அடிச்சிட்டானாம் ஏஜன்ட்டு. உரிச்சிக் குப்பையில வீசச் சொன்னாங்க."

"வீசிட்டியா?"

கமறியா ஸ்டூலில் ஏறினாள். சுவரில் மாட்டியிருந்த, குர்ஆன் வசனம் எழுதிய ஆயத்துச் சட்டத்துக்குக் கீழ்த்தட்டில், எல்லாவற்றுக்கும் உயரத்தில், ஒரு பால்மா டின். இறக்கிக் கொண்டு வந்தாள்.

"வீசல்ல மிஸ். அதில அரபு எழுத்து ஈக்கிதே. குப்பையில போட்டு ஆக்கள் மிதிக்கவா? குர்ஆன் எழுத்தில்லையா? வெள்ளிக்கெழம பள்ளிவாசல்ல பழைய ஓதல் கிதாபுத் தாள் போடுற பெட்டியில சேர்க்கலாம் எண்டு வெச்சன்."

டின் நிறையச் சுருண்ட சின்ன லேபல்கள். டொறத்திக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் அந்த மரியாதை தெரியும். கிழிந்த அர்ச்சியசிஷ்டர் படத்தை, புனிதர் முகம் அதில் இருக்கிறதே என்று, அவளும் எறிந்ததில்லை.

"இத வாசிக்கத் தெரியுமா?"

"ஓதத் தெரியும். அர்த்தம் தெரியா." கமறியா ஒரு லேபலை நிமிர்த்திப் பிடித்து, எழுத்துக் கூட்டி, ஓதுகிற ராகத்திலேயே வாசித்தாள். "ஸைதலிய்யத்துல்... பஹ்ர். பொறகு... அத்தவ்ஹா. ஏதோ நல்ல வார்த்தையாத்தான் ஈக்கும்."

டொறத்தி கடைக்கு வெளியே வந்து அஸ்மிக்குப் போன் எடுத்தாள். இரண்டே கேள்வி கேட்டாள். திரும்பி உள்ளே வந்தபோது அவளுடைய முகத்தைப் பார்த்த கமறியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மிஸ், இது அந்தப் புள்ளையள்ட பெட்டியா?"

டொறத்தி தலையசைத்தாள்.

கமறியா தன் நகங்களைப் பார்த்தாள். "எண்ட கையாலயே உரிச்சனே." லேபலை டின்னுக்குள் திருப்பிப் போட்டாள். "நான் சொன்னன் எண்டு சொல்லாதீங்க மிஸ். வேல போனா நாங்க மூணு பேரும் எங்க போற? ஆனா டின்ன நீங்க கொண்டு போங்க. மிதிபடாமப் பாத்துக்கங்க."

"உன்ட பேர் என் வாயால வராது" என்றாள் டொறத்தி.

வியாழக்கிழமை, பள்ளி விட்ட பிறகு. பல் நிலையத்தில் அதிபர், உசனார், றஜனி, லோறன்ஸ். நஃபீஸாவும் நிஃப்லாவும் சுவரோரம் வாங்கில்.

"பொலிஸுக்குப் போவமா மிஸ்?" என்றார் உசனார்.

"போகலாம். அதுக்கு முதல் கொஞ்சம் கதைப்பம்." டொறத்தி அலுமாரிக் கதவில் கையை வைத்தாள். "இந்த அலுமாரி நீங்க தந்தது. புது அலுமாரிக்குத் திறப்பு ரெண்டு வரும். எனக்குத் தந்தது ஒண்டு."

"மற்றது தொலஞ்சி எவ்வளவோ காலம்."

"சரி. நிஃப்லாக்குக் குடுத்த மெழுகு எங்கால?"

"கடையில இருந்த பழைய ஸ்டொக். மேடையிலயே சொன்னன்."

"பிரஷ்?"

"கொழும்பு ஏஜன்ட்."

"டப்பாவில இருந்த லேபலுக்கு என்ன நடந்தது?"

உசனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "லேபல் எண்டு ஒண்டும் இருக்கல்லையே."

டொறத்தி பால்மா டின்னை மேசையில், சுத்தமான துணி விரித்து, அதன்மேல் வைத்தாள். ஒரு லேபலை எடுத்து அதிபரிடம் காட்டினாள்.

"நிஃப்லா டப்பா கையில ஒட்டுது எண்டு சொன்னா. லேபல் உரிச்ச பசை அது. நான்தான் கவனிக்காம அழிச்சிட்டன். பழைய ஸ்டொக் எண்டா பசை எப்பவோ காஞ்சி புழுதி ஏறியிருக்கும். அது புதுசா உரிச்சது. அஸ்மி வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்குச் சொன்னான், விலை லேபல உரிக்கல்ல எண்டு வெக்கப்பட்டான். அதயும் நான் ஒரு காதால கேட்டு மறு காதால விட்டிட்டன். இதில இருக்கிறது கடைப் பேர், பஹ்ர். அரபில கடல் எண்டு அர்த்தமாம். எந்தக் கடையில வாங்கின எண்டு நேத்து அஸ்மியக் கேட்டன். நான் ஒண்டும் சொல்ல முதலே அவன் அந்தப் பேரைச் சொன்னான். கீழ இருக்கிற சொல்லு அத்தவ்ஹா. அது என்ன எண்டும் கேட்டன். 'அது நான் இருக்கிற ஊர் மிஸ். தோஹாவ அரபில அப்பிடித்தான் எழுதுவாங்க' எண்டான்."

அதிபர் லேபலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"லோறன்ஸ் பாண் வரிசையில நிண்ட நேரம் நீங்க வந்தீங்க. ரெண்டாவது திறப்பால திறந்தீங்க. பார்சல் கொண்டு வந்த பையிலயே சாமானப் போட்டுக் கொண்டு போனீங்க."

உசனார் சிரித்தார். பழகிய மேடைச் சிரிப்பு. "இந்தத் துண்டெல்லாம் என்ட கடையில இருந்தது எண்டு ஆர் சொன்ன? நீங்களே எங்கயாவது எடுத்திருக்கலாம். சாட்சி ஆர் மிஸ்?"

டொறத்தி டின்னின் மூடியை எடுத்து மூடினாள். கமறியாவுக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது. அதிபர் அவளைப் பார்த்தார். லோறன்ஸும் பார்த்தார். சுவரோரத்தில் நிஃப்லாவின் கை மறுபடியும் உதட்டுக்குப் போயிருந்தது.

"நான் சொல்றன்."

வாசலில் கமறியா. உசனார் கூட்டத்துக்குப் புறப்பட்டதும் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. கையில் ஒரு நெகிழிப் பை.

"லேபல் உரிச்சது நான். உரிக்கச் சொன்னது நீங்க ஹாஜியார். குப்பையில வீசச் சொன்னதும் நீங்கதான். மிச்சச் சாமான் இந்தா ஈக்கிது. கடை மேசையில ரெண்டாவது லாச்சியில இருந்திச்சு." பையை மேசையில் வைத்தாள். பின்பு குரலைத் தாழ்த்தி, "அரபு எழுத்த வீசச் சொன்ன நேரமே எனக்கு மனசு சரியில்ல" என்றாள்.

உசனார் கதிரையில் சாய்ந்தார். பிறகு எல்லோருக்கும் பொதுவாகப் பேசத் தொடங்கினார். ஐந்து பிள்ளைக்கு அவ்வளவு சாமான் எதற்கு? கடையில் இருந்தால் மாவட்டம் முழுக்கப் பயன். அதோடு, நிஃப்லாவுக்குச் சும்மாதானே கொடுத்தேன்?

அந்தக் கடைசிக் கேள்விதான் டொறத்தியைச் சுட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"அது உங்கட கொடை இல்ல. அது அவட சாமான். அவட சாமானக் களவெடுத்து, அதில ஒண்ட அவட கையிலயே குடுத்து, போட்டோ பிடிச்சி, அவவ நன்றி சொல்ல வெச்சீங்க. நானும் சொன்னன். கடவுள்ட பேரச் சொல்லி உங்கள வாழ்த்தினன். ஒரு பையன் வெயிலில வேலை செஞ்ச காசில, கண்ணால காணாத பிள்ளைக்கு வாங்கின சாமான் இது. விலை லேபலோட குடுத்ததுக்கே அவன் வெக்கப்பட்டான். நீங்க அதுக்கு விலை போட்டு வித்தீங்க. வித்தது போதாதெண்டு ஒரு ஏழை மனிசன்ட தலையில பழியையும் போட்டீங்க."

அதிபர் தொண்டையைச் செருமினார். "மிஸ், ஊரில மரியாதையான மனிதர். சாமானும் வந்திட்டுது. இத எங்களுக்குள்ளயே..."

"மேடையில குடுத்தத மேடையிலயே சொல்லட்டும் சேர்" என்றாள் டொறத்தி. "நாளைக்குக் காலைக் கூட்டத்தில. அதே மைக்கில. லோறன்ஸிட்ட மன்னிப்பும் கேக்கட்டும். இல்லையெண்டா நீங்க சொன்ன முறைப்பாட்ட நானே எழுதிக் குடுக்கிறன்."

றஜனி எழுந்து நின்றாள். "நானும் கையெழுத்து வைப்பன்."

வெள்ளிக்கிழமை உசனார் மேடையேறினார். சொன்னது சிறிய பேச்சு. மைக் இருந்தும் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. போட்டோ எடுக்க யாரும் வரவில்லை. லோறன்ஸ் கேட்டுக்கொண்டு நின்று, "சரி ஹாஜியார், விடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு நிலையத்தைக் கூட்டப் போனார். கமறியாவைக் கடையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று பத்து மணிக்குச் செய்தி வந்தது. பதினொரு மணிக்கு நஃபீஸா அவளுடைய வீட்டுக்குப் போய், தைப்பதற்குத் தன்னிடம் குவிந்து கிடக்கும் பள்ளிச் சீருடைகளைப் பற்றிப் பேசி, கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். நஃபீஸாவின் பழைய தையல் மெசினோடு இன்னொன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்து, பால்மா டின்னில் இருந்தவை பள்ளிவாசல் பெட்டியில் சேர்ந்தன.

அதே பின்னேரமும் சனியும் ஞாயிறும் டொறத்தி நிஃப்லாவைக் கதிரையில் அமர்த்தினாள். மின்வெட்டு நேரத்தில் லோறன்ஸ் டோர்ச் பிடித்தார். குட்டிப் பிரஷை ஒவ்வொரு கம்பிக்கும் கீழே நுழைத்து, எப்படித் துடைப்பது, எங்கே அழுத்தக் கூடாது என்று காட்டிக் கொடுத்தாள். முதல் நாள் பிரஷில் இரத்தம் வந்தது. மூன்றாம் நாள் கொஞ்சமாகத்தான் வந்தது. முரசு முழுக்க ஆறவில்லை. நாலு நாள் முந்தி, போன திங்கட்கிழமையே கிடைத்திருந்தால் ஆறியிருக்கும். அந்த நாலு நாளைத் திருப்பித் தர எந்த மேடையாலும் முடியாது. அதை நினைக்க நினைக்க டொறத்திக்கு மறுபடியும் கோபம் வந்தது.

நிஃப்லா கொழும்புக்குப் போன திங்கட்கிழமை, டொறத்தியால் வேலையில் நிலைக்க முடியவில்லை. ஒரு பிள்ளைக்குப் பல் அடைக்கும்போதும் காது மேசைமேல் இருந்த போனில். மதியம் கழிந்தது. சாத்தான்மாரும் பரலோகத்துத் தூதர்களும் சண்டை பிடிப்பதுபோல நல்லதும் கெட்டதும் மாறி மாறி மனதில் வந்தன. இரண்டு மணியளவில் போன் அடித்தது.

நிஃப்லாவின் குரல். அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன மகள்? சொல்லு. டொக்டர் என்ன சொன்னார்?"

"மிஸ்... நோகுது மிஸ். பல்லெல்லாம் நோகுது. பாண்கூடக் கடிக்க ஏலா."

கம்பியைக் கழற்றிவிட்டால் பல் நோகாது. அதை இறுக்கிய நாளில்தான் அப்படி நோகும்.

டொறத்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கதிரையில் அமர்ந்தாள். "நோகட்டும் ராசாத்தி" என்றாள். அவளுடைய கண்ணும் நிறைந்துவிட்டது. "நல்லா நோகட்டும்."